எந்த ஊர்க் கோர்ட்டில் நிற்கப் போகிறீர்கள்?

கேள்வி: மென்பொருள் வேலையில் எட்டு வருஷம் ஓடிவிட்டது. இனி சட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். லண்டனில் எந்தக் கல்லூரி நல்லது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கல்லூரி இருக்கட்டும். படித்து முடித்து எந்த ஊர்க் கோர்ட்டில் நிற்கப் போகிறீர்கள்? உங்கள் இன்றைய தொழிலில் பெங்களூருவில் எழுதும் புரோகிராம் பாஸ்டனிலும் ஓடும். சட்டம் எல்லையைத் தாண்டியதும் நின்றுவிடும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம், தனிப் பரீட்சை, தனிச் சன்னது. லண்டன் பட்டத்தை வைத்துக்கொண்டு கோவை கோர்ட்டில் நேராக வக்காலத்துப் போட முடியாது. கோவையில் வாங்கிய சன்னது லண்டனில் செல்லாது. அதனால் முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள். அடுத்து அந்த நாட்டில் வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு எது, அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். அதற்குப் பொருந்தும் படிப்பு எது என்பது அதற்குப் பிறகு. கல்லூரியின் பெயர் கடைசி. பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தேடுகிறார்கள். தரவரிசைப் பட்டியலில் ஆரம்பித்து, கடன் வாங்கி, படித்து முடித்த பிறகுதான் பதிவு விதிகளைப் படிக்கிறார்கள். அப்போது படிக்க வேண்டிய விதி அல்ல அது.

கேள்வி: நான் பி.எஸ்சி. முடித்தவன். இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கு இரண்டே வருஷத்தில் எல்.எல்.பி. தருகிறார்களாம். முடித்துவிட்டு வந்து ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் பிராக்டீஸ் பண்ணலாமா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: நேராக முடியாது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது.

இரண்டு வருஷப் படிப்பு உண்மையானதுதான். சீனியர் ஸ்டேட்டஸ் எல்.எல்.பி. என்பார்கள். நல்ல பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. இங்கிலாந்தில் அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், வெளிநாட்டில் படித்த இந்தியர் பதிவு செய்ய வேண்டுமானால் அந்தப் படிப்பு இரண்டில் ஒரு வகையாக இருக்க வேண்டும் என்கின்றன: ஒரு பட்டத்துக்குப் பிறகு 3 வருஷம், அல்லது பிளஸ் டூவுக்குப் பிறகு 5 வருஷ ஒருங்கிணைந்த படிப்பு. இரண்டுமே முறையாக வகுப்புக்குப் போய்ப் படித்ததாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகமும் பார் கவுன்சில் அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டு வருஷப் பட்டத்தில் ஒரு வருஷம் குறைகிறது. குறையை ஈடுகட்ட பிரிட்ஜ் கோர்ஸ் படிக்கச் சொல்வார்கள். மிச்சப்படுத்திய காலம் அங்கேயே கரைந்துவிடும்.

அத்தோடு முடியவில்லை. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு என்று பார் கவுன்சில் தனியாக ஒரு தகுதித் தேர்வு வைக்கிறது. அரசியலமைப்பு, ஒப்பந்தச் சட்டம், கம்பெனிச் சட்டம், சிவில் நடைமுறை, கிரிமினல் நடைமுறை, வக்கீல் தொழில் நெறி என்று ஆறு தாள். அதில் தேறித்தான் பதிவு. பதிவுக்குப் பிறகு, இங்கே படித்தவர்களைப் போலவே அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும்.

மதுரைக் கிளைதான் குறி என்றால் என் யோசனை ஒன்றுதான். மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மூன்று வருஷ எல்.எல்.பி.யை அங்கே படியுங்கள். மாலையில் ஒரு சீனியர் ஆபீஸில் உட்கார்ந்து கேஸ் கட்டுப் படியுங்கள். வெளிநாட்டுப் படிப்பு வேண்டும் என்ற ஆசை அப்போதும் இருந்தால், ஒரு வருஷ எல்.எல்.எம்.முக்குப் போங்கள். செலவு மூன்றில் ஒரு பங்காகும், சன்னதும் கையில் இருக்கும்.

கேள்வி: பதிவுக் கட்டணம் எவ்வளவு கேட்பார்கள்?
(அதே வாசகர்)

பதில்: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. வக்கீல்கள் சட்டம் சொல்லும் இந்தத் தொகைக்கு மேல் பதிவுக் கட்டணமாக மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை தனி.

கேள்வி: எங்கள் தாத்தாவின் தம்பி லண்டன் போய் பாரிஸ்டராகத் திரும்பி நேராக மெட்ராஸ் ஹைகோர்ட்டில் நின்றார். இப்போது ஏன் முடியாது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: 1976 டிசம்பர் 31-க்குள் பாரிஸ்டரானவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டம் அப்படித் தேதி போட்டுக் கதவைச் சாத்திவிட்டது. அதற்குப் பிறகு, லண்டனின் பாரிஸ்டர் சங்கங்களான லிங்கன்ஸ் இன் ஆனாலும் மிடில் டெம்பிள் ஆனாலும், பார் கவுன்சில் விதிகள் வழியாகத்தான் வர வேண்டும்.

கேள்வி: எம்.பி.ஏ. முடித்தவள் நான். சட்டப் பட்டம் இல்லாதவர்களையும் எல்.எல்.எம்.மில் சேர்க்கிறார்களே, ஒரே வருஷத்தில் வக்கீலாகிவிடலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: முடியாது. எல்.எல்.எம். என்பது ஏற்கெனவே சட்டம் படித்தவருக்கான மேற்படிப்பு. மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் அறிவைத் தரும், பட்டம் தரும். வக்கீலாகும் தகுதியைத் தராது. முதல் சட்டப் பட்டம் இல்லாமல் எல்.எல்.எம்.மை மட்டும் வைத்துக்கொண்டு நியூயார்க் பார் தேர்வுக்குக்கூட உட்கார முடியாது. அதே சமயம் வங்கியிலோ காப்பீட்டிலோ உங்கள் வேலையிலேயே இருந்துகொண்டு, விதிமுறைகளைக் கவனிக்கும் பிரிவுக்கு நகர வேண்டும் என்றால் அந்த ஒரு வருஷம் நன்றாகவே உதவும்.

கேள்வி: பி.ஃபார்ம். படித்து மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன். காப்புரிமைச் சட்டத்தில் ஆர்வம். அமெரிக்கா போய் ஜே.டி. படிக்கட்டுமா?
(வாசகர், திருச்சி)

பதில்: முதலில் இந்தியாவின் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வை எழுதுங்கள். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அதற்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம்தான் தகுதி. சட்டப் பட்டம் கேட்பதில்லை. தேறினால் காப்புரிமை விண்ணப்பம் எழுதி, காப்புரிமை அலுவலகத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். சில வருஷம் அந்த வேலையைச் செய்து பாருங்கள். வழக்காடும் ஆசை அப்போதும் மிச்சம் இருந்தால் சட்டப் பட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். வேதியியல் தெரிந்த வக்கீலுக்கு எந்த நாட்டிலும் மரியாதை உண்டு.

கேள்வி: அமெரிக்க ஜே.டி. என்றால் என்ன என்பதையாவது சொல்லுங்களேன்.
(வாசகி, ஈரோடு)

பதில்: அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்த கையோடு சட்டம் படிக்க முடியாது. எல்லோரும் வேறொன்றில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். வகுப்பில் உங்கள் பக்கத்தில் இசை படித்தவர் இருப்பார், ராணுவத்தில் இருந்தவர் இருப்பார். தொழில் மாறி வருபவரை அங்கே யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். அந்த வகையில் நமக்கு மிகவும் ஏற்ற படிப்பு. காலம் 3 வருஷம். நுழைவுக்கு எல்சாட் தேர்வு. 120-லிருந்து 180 வரை மதிப்பெண். பலரைப் பயமுறுத்திக்கொண்டிருந்த தர்க்கப் புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பல கல்லூரிகள் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணையும் ஏற்கின்றன.

இடிப்பது பணமும் விசாவும். பெரிய கல்லூரிகளில் வகுப்புக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. படித்து முடித்ததும் வேலை பார்க்கக் கிடைப்பது 12 மாத அனுமதி. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு சட்டத்துக்குக் கிடையாது. அதற்குள் ஹெச்-1பி வேலை விசாக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். கட்டணச் சலுகை நல்ல அளவுக்குக் கிடைத்தால் போங்கள். எல்சாட்டில் உயர்ந்த மதிப்பெண் எடுப்பவர்களுக்கு, வெளிநாட்டவரானாலும், கல்லூரிகளே சலுகை தருகின்றன. ஆகவே ஆறு மாதம் எல்சாட்டுக்கு உழைப்பது கடனைக் குறைக்கும் வழி. சலுகையே இல்லாமல், வீட்டை அடமானம் வைத்துப் போவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டன் ஹாரோவில் குடியிருப்பவன். பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு. கணக்காளர் வேலை. வயது 36. சொலிசிட்டர் ஆக, திரும்பவும் முதலாம் ஆண்டு எல்.எல்.பி.யில் போய் உட்கார வேண்டுமா அண்ணா?
(வாசகர், ஹாரோ)

பதில்: வேண்டாம் தம்பி. உங்களுக்கு எல்.எல்.பி.யே கட்டாயமில்லை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்து, வேல்ஸில் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு வந்துவிட்டது. ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம், எஸ்.க்யூ.இ.யின் இரண்டு கட்டங்கள், இரண்டு வருஷம் சட்டப் பணி அனுபவம், நன்னடத்தைச் சோதனை. இந்த நாலும் இருந்தால் சொலிசிட்டர்.

முதல் கட்டத்தில் 360 கேள்விகள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. இரண்டாம் கட்டம் கட்சிக்காரரிடம் பேசுவது, வாதாடுவது, பத்திரம் வரைவது என்று கைவேலையைச் சோதிப்பது. தேர்வுக் கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து 5,000 பவுண்டை ஒட்டி வரும். பயிற்சி வகுப்புச் செலவு தனி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு வருஷத்துக்குள் மூன்று வாய்ப்புதான். ஆகவே பாடம் பழகாமல் பார்த்துவிட்டு வரலாம் என்று போய் உட்காராதீர்கள். சட்டத்தின் அடிப்படையை ஒழுங்காகக் கற்க, பட்டதாரிகளுக்கான ஒரு வருஷ மாற்றுப் படிப்பு இருக்கிறது. கட்டாயமில்லை என்றாலும் அதைப் படிப்பதுதான் நல்லது. வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகவும் படிக்கலாம்.

அந்த இரண்டு வருஷ அனுபவத்தில் உங்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அது ஒரே அலுவலகத்தில் இருக்க வேண்டியதில்லை. நாலு இடம் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். சட்ட உதவி மையத்தில் செய்த தொண்டும் கணக்கில் வரும். ஒரு சொலிசிட்டர் உறுதிப்படுத்தினால் போதும். ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் குடியேற்ற வழக்குப் பார்க்கும் தமிழ் சொலிசிட்டர் அலுவலகங்கள் இருக்கின்றன. கணக்கும் தமிழும் தெரிந்த ஆள் அவர்களுக்குப் பாரமாக இருக்க மாட்டார். போய்க் கேளுங்கள். பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் மட்டும் வழி வேறு. சட்டப் பட்டமோ மாற்றுப் படிப்போ அங்கே கட்டாயம். அதற்கு மேல் பார் கோர்ஸும், பியூபிலேஜ் என்ற ஒரு வருஷப் பயிற்சியும் உண்டு. அந்தப் பியூபிலேஜ் இடங்கள் மிகக் குறைவு.

கேள்வி: அதே எஸ்.க்யூ.இ.யை நாங்கள் இந்தியாவிலிருந்தே எழுதலாமா?
(வாசகி, வேலூர்)

பதில்: முதல் கட்டத்தை வெளிநாட்டுத் தேர்வு மையங்களிலும் எழுதலாம். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்கு இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ போயாக வேண்டும். ஆனால் தேர்வைவிட அந்த இரண்டு வருஷ அனுபவம்தான் கடினம். அங்கேயே படித்து முடித்தவர்களுக்கு பிரிட்டன் தரும் கிராஜுவேட் விசா இப்போது இரண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். 24 மாத அனுபவத்தை 18 மாத விசாவில் முடிக்க முடியாது. விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஒரு அலுவலகத்தைத் தேட வேண்டும். அதைத் தேடும் வேலையைப் படிப்பின் முதல் மாதமே ஆரம்பியுங்கள்.

கேள்வி: மனைவி, நாலு வயது மகளோடு இங்கிலாந்து போய்ச் சட்டம் படிக்க ஆசை.
(வாசகர், சேலம்)

பதில்: எல்.எல்.பி.க்குப் போகிறவர்களும், 2024 ஜனவரியிலிருந்து எல்.எல்.எம். போன்ற வகுப்புப் படிப்புகளுக்குப் போகிறவர்களும் குடும்பத்தைச் சார்பு விசாவில் அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கும் அரசு உதவித்தொகை பெறும் சிலருக்கும்தான் அந்த வசதி. நாலு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு மூன்று வருஷம் போவது படிப்பைப் பற்றிய முடிவு மட்டுமல்ல. மனைவியிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஸ்காபரோவில் நர்ஸாக இருக்கிறேன். கனடா சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை. இங்கிலாந்து போய் இரண்டு வருஷத்தில் எல்.எல்.பி. முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள் அண்ணா. சரியா?
(வாசகி, டொராண்டோ)

பதில்: முடியாதது இல்லை, பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருஷத்தோடு முடியும் என்று எண்ண வேண்டாம். திரும்பி வந்ததும் என்.சி.ஏ. என்ற தேசிய மதிப்பீட்டுக் குழு உங்கள் பட்டத்தை அலசும். எத்தனை வருஷம் படித்தீர்கள், நேரில் படித்தீர்களா, என்ன மதிப்பெண் என்று பார்த்து, எழுத வேண்டிய தாள்களைச் சொல்லும். கனடாவின் அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், கனடாச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில் பொறுப்பு ஆகிய ஐந்தும் யாருக்கும் தப்பாது. பிறகு ஒன்டாரியோவின் பாரிஸ்டர் தேர்வு, சொலிசிட்டர் தேர்வு. அதோடு ஆர்ட்டிக்ளிங் என்ற அலுவலகப் பயிற்சி.

சிக்கல் அந்த ஆர்ட்டிக்ளிங்கில். அலுவலகங்கள் முதலில் உள்ளூர் ஜே.டி. மாணவர்களைத்தான் பொறுக்குகின்றன. வெளியே படித்துவிட்டு வந்தவர்கள் நூறு கதவு தட்ட வேண்டியிருக்கிறது. மாற்றாக எல்.பி.பி. என்ற திட்டம் உண்டு: நாலு மாதப் பயிற்சி, நாலு மாத வேலை.

ஆகவே இன்னொரு முறை உள்ளூரிலேயே முயலுங்கள் தங்கச்சி. கல்லூரியை விட்டுச் சில வருஷம் ஆனவர்களுக்கும், வாழ்க்கைச் சூழலால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் பல கனடாக் கல்லூரிகள் தனிப் பிரிவில் இடம் தருகின்றன. உங்கள் விண்ணப்பக் கடிதத்தில் வார்டில் பார்த்ததை எழுதுங்கள். சம்மதப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று புரியாமலே கையெழுத்துப் போட்ட நோயாளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு வயது மாணவரால் எழுத முடியாத பக்கம் அது. டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் 2020-இல் தொடங்கிய லிங்கன் அலெக்சாண்டர் சட்டக் கல்லூரியையும் பாருங்கள். செயல்முறைப் பயிற்சியைப் படிப்புக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: அங்கேயும் பட்டதாரிகளுக்கு 3 வருஷ ஜே.டி. உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008-இலிருந்து எல்.எல்.பி.யை விட்டுவிட்டு ஜே.டி.க்கு மாறியது. நாடு முழுவதும் ‘பிரீஸ்ட்லி 11’ என்ற பதினொரு பாடங்கள் கட்டாயம். பிறகு செயல்முறைச் சட்டப் பயிற்சி. பெரிய பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வருஷத்துக்கு 50,000 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி இருக்கிறது. ஆங்கிலத்தை இப்போதே தீட்டுங்கள். வேறு நாட்டில் சட்டம் படித்துவிட்டு அங்கே பதிவு கேட்பவர்களிடம் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துப் பகுதியில் 8 மதிப்பெண் எதிர்பார்க்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் சமூக சேவகராகப் பத்து வருஷம். குடும்ப வழக்குகளில் வாதாட வேண்டும். வெளிநாடு போகத்தான் வேண்டுமா?
(வாசகி, சிங்கப்பூர்)

பதில்: உங்களுக்காகவே ஒரு கல்லூரி உங்கள் ஊரில் இருக்கிறது. எஸ்.யு.எஸ்.எஸ். பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 2017 ஜனவரியில் தொடங்கியதே குடும்ப வழக்குக்கும் குற்றவியலுக்கும் ஆள் தயாரிக்கத்தான். வேறு தொழிலில் பழகியவர்களை விரும்பிச் சேர்க்கிறார்கள், பகுதிநேரமாகவும் படிக்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அரசு அங்கீகரித்த பல்கலைக்கழகப் பட்டியலுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் சுருங்கியும் இருக்கிறது. 2015-இல் 19 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் எட்டை நீக்குவதாக அறிவித்தார்கள்.

கேள்வி: மலேசியாவில் பிரிட்டிஷ் எல்.எல்.பி. போதுமா?
(வாசகர், கிள்ளான்)

பதில்: போதாது. சி.எல்.பி. தேர்வின் ஐந்து தாள்களும், பிறகு சேம்பரிங் என்ற ஒன்பது மாதப் பயிற்சியும் காத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகமும் படிப்புக் காலமும் செல்லுமா என்று சட்டத் தொழில் தகுதி வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர், பகுதிநேர வேலை செய்தே முழுக் கட்டணத்தையும் கட்டிவிடலாம் என்கிறார்.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பிரிட்டனில் படிக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதில் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வந்தாலே பெரிது. சட்டப் படிப்போ படிக்கப் படிக்க வளரும். ஆள் சேர்த்துவிட்டால் பல பல்கலைக்கழகங்கள் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. அவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தப் பட்டம் தமிழ்நாடு பார் கவுன்சிலில் செல்லும் என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா?

கேள்வி: செவனிங் உதவித்தொகை கிடைக்குமா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: பிரிட்டிஷ் அரசின் அந்த உதவித்தொகை ஒரு வருஷ முதுநிலைப் படிப்புக்கு மட்டும். எல்.எல்.பி.க்குக் கிடையாது. எல்.எல்.எம். போவதானால் விண்ணப்பியுங்கள். இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டு வந்து உடனே சிவில் நீதிபதித் தேர்வு எழுதலாமா?
(வாசகர், தர்மபுரி)

பதில்: எங்கே படித்தாலும் உடனே எழுத முடியாது. குறைந்தது 3 வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகள் சென்னைக்கு வரப்போவதாகச் செய்தி. வெளிநாட்டுப் பட்டத்துக்கு அப்போது கிராக்கி வருமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: வெளிநாட்டு வக்கீல்களை இங்கே அனுமதிப்பதா என்ற சண்டை நம் ஊரில்தான் சூடுபிடித்தது. ஏ.கே. பாலாஜி என்ற வக்கீல் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018-இல் தீர்ப்பானது. வெளிநாட்டு வக்கீல் அவ்வப்போது வந்து தன் நாட்டுச் சட்டத்தில் ஆலோசனை சொல்லலாம், இங்கே தொழில் நடத்தக் கூடாது என்றார்கள். 2023-இல் பார் கவுன்சில் கோர்ட்டுக்கு வெளியே உள்ள வேலைகளுக்கு மட்டும் விதிகளோடு கதவைத் திறந்தது. கம்பெனி ஒப்பந்தம், சர்வதேச நடுவர் மன்றம் இவற்றில் நாட்டம் இருந்தால் ஆங்கிலேயச் சட்டம் தெரிந்தவருக்கு இடம் உண்டு. பெரிய ஒப்பந்தங்கள் பலவும் அந்தச் சட்டத்தின்படியே எழுதப்படுகின்றன. ஜாமீன் மனுவுக்கு அது உதவாது.

கேள்வி: என் மகன் நல்ல வேலையை விட்டுவிட்டு 31 வயதில் சட்டம் படிக்கிறேன் என்கிறான். கல்யாணம் வேறு தள்ளிப் போகிறது. நீங்களாவது புத்தி சொல்லுங்கள் ஐயா.
(ஒரு தந்தை, விருதுநகர்)

பதில்: அம்பேத்கர் பாரிஸ்டரானபோது அவருக்கு வயது 31 ஐயா. அதற்கு முன் அவர் பொருளாதாரம் படித்தவர், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். 1916-இல் லண்டன் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை முடிந்ததால் மறு வருஷமே பாதியில் திரும்ப வேண்டி வந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகாராஜாவின் உதவியோடும் நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனோடும் 1920-இல் மறுபடி லண்டன் போனார். 1922-இல் பாரிஸ்டர். பொருளாதாரம் படித்தது வீணாகவில்லை. அரசியலமைப்பை வரைந்த கைக்கு அதுவும் தேவைப்பட்டது.

உங்கள் மகன் எந்த நாட்டில் தொழில் செய்வது என்று தெளிவாகச் சொல்கிறானா, செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறானா, ஒரு வாரமாவது கோர்ட்டில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் தடுக்காதீர்கள். பெண் பார்ப்பதைத் தொடருங்கள். பெண் வீட்டாரிடம் படிப்பு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கோர்ட்டில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: திறந்த கோர்ட்டில் உட்காரலாம். அமைதியாக இருக்க வேண்டும், செல்போனை அணைத்துவிட வேண்டும். காலையில் சீக்கிரம் போய், வாய்தா வாங்கும் வழக்குகளிலிருந்து குறுக்கு விசாரணை வரைக்கும் பொறுமையாக இருந்து பாருங்கள்.